ஆணியும் காதும்: நம் வீடுகளில் கைமாறிய பேய்க்காதல் கதைகள்

நம் சங்க மலர்களைத் தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். திருவனந்தபுரத்துத் தமிழ் இலக்கியம் என்று ஒரு கட்டுரை வந்தால் அதில் நகுலன் இருப்பார். சாலைக் கடைத்தெருவைக் கதையாக்கிய ஆ. மாதவன் இருப்பார். 'தலைமுறைகள்' (1968), 'பள்ளிகொண்டபுரம்' (1970) தந்த நீல. பத்மநாபன் இருப்பார். இவர்கள் இருக்க வேண்டியவர்களே. அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் நம் வீட்டுப் பெண்கள் மத்தியான வேளையில் அடுக்களை வேலையை முடித்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு, உண்மையில் எதைப் படித்தார்கள்? அதைப் பற்றி ஒரு பக்கம்கூட எந்த மலரிலும் நான் கண்டதில்லை. அந்தக் குறையைக் கொஞ்சமாவது போக்க இக்கட்டுரை முற்படுகிறது.

கைமாறிய கட்டு

எங்கள் பெரியம்மையின் வீடு ஸ்ரீவராகம் கோயில் குளத்துக்குப் போகிற வழியில் இருந்தது. பெரியம்மைக்கு ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. ஆனால் அவளிடம் இல்லாத பேய்க்கதை கிடையாது. வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து, வரிசைப்படி அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, மேலே காக்கித்தாள் அட்டை போட்டு வைத்திருப்பாள். ராணிமுத்து, மாலைமதி, பாக்கெட் நாவல், கிரைம் நாவல் எல்லாம் தம்பானூரில் பஸ் ஏறி இறங்குகிறவர்கள் கையோடு வரும். நாகர்கோவிலில் இருந்து யாராவது வந்தால் பழம், பலகாரத்தோடு இரண்டு நாவலும் பையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரியம்மைக்கு முகம் கறுத்துவிடும்.

இந்தக் கட்டு ஒரு வீட்டில் தங்காது. அக்கிரகாரத்து மாமி வாங்கிப் போவாள். சாலையில் கடை வைத்திருந்த செட்டியார் வீட்டு மருமகள் வாங்கிப் போவாள். 'வாசிச்சாச்சுன்னா உடனே தந்திரணும், கேட்டியளா? அடுத்த வீட்டுக்காரி காத்துக் கிடக்கா' என்று சொல்லித்தான் பெரியம்மை கொடுப்பாள். கோயில் நடையில் ஜாதி பார்த்து ஒதுங்கி நின்ற வீடுகள்கூட பி.டி. சாமியின் பேய் நாவலுக்காக ஒன்றுக்கொன்று கதவைத் தட்டின என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

எழுத்துக்காரர்களில் அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. பேய்க்குப் பி.டி. சாமி. கல்யாணத்துக்கு ரமணிசந்திரன். துப்பறிவதற்கு ராஜேஷ்குமார். சாமியும் பேயும் காதலும் ஒன்றாக வேண்டுமென்றால் இந்திரா சௌந்தர்ராஜன். இன்று ஆங்கிலத்தில் 'அமானுஷ்யக் காதல் கதை' என்று தனிப்பிரிவு வைத்துப் புத்தகக் கடைகளில் அலமாரி ஒதுக்குகிறார்கள். பெரியம்மை அந்த அலமாரியை அரிசிப் பானைக்குப் பின்னால் எப்போதோ வைத்துவிட்டாள்.

யட்சியின் சொந்த ஊர்

இந்தக் கதைகள் நம் வீடுகளில் இவ்வளவு ஒட்டிக்கொண்டதற்கு மண்ணும் ஒரு காரணம். ஸ்ரீவராகத்தில் இருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது பத்மநாபசுவாமி கோயில். 2011இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி அதன் நிலவறைகளைத் திறந்தபோது உலகமே தங்கத்தைப் பற்றிப் பேசியது. திறக்கப்படாத 'பி' அறையைப் பற்றி நம் பாட்டிமார் பேசியது வேறு: அங்கே காஞ்ஞிரோட்டு யட்சி இருக்கிறாள் என்பது ஐதீகம்.

அவள் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். சிருதேவி என்ற பேரழகி தன் பல்லக்குத் தூக்கும் குஞ்ஞுராமன் மேல் ஆசை வைக்கிறாள். அவன் மனைவியைக் கொல்லச் செய்கிறாள். உண்மை தெரிந்து அவன் இவளைக் கொல்கிறான். யட்சியாகத் திரும்பி வந்தவள் பழிவாங்குவதோடு நிற்கவில்லை, அவனைத்தான் கேட்கிறாள். கடைசியில் ஒரு வருஷம் அவளோடு வாழ்வது, பிறகு அவள் தெய்வத்துக்கு அடங்கிவிடுவது என்று ஒப்பந்தம் ஆகிறது. கொலை, ஆசை, மறுபிறப்பு, தவணை வைத்த தாம்பத்தியம் என்று ஒரு மாத நாவலுக்கு வேண்டிய எல்லாம் இந்தச் செவிவழிக் கதையிலேயே இருக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அவள் பிறந்ததாகச் சொல்லும் காஞ்சிரக்கோடு, 1956 நவம்பர் 1க்குப் பிறகு தமிழ்நாட்டோடு சேர்ந்த குமரி மாவட்டத்தில் இருக்கிறது. பெரியம்மை இதைச் சொல்லிச் சிரிப்பாள்: 'அவளும் நம்ம ஊர்க்காரியாக்கும். பொழைக்க வந்த இடத்துல ஒரு அறையில அடைஞ்சு கிடக்கா, நம்மள மாதிரி.'

மலையாளத்தில் யட்சியை நவீன நாவலுக்குள் கொண்டுவந்தவர் மலையாற்றூர் ராமகிருஷ்ணன். அவருடைய 'யட்சி' 1967இல் வந்தது. ஆய்வுக்கூட விபத்தில் முகம் சிதைந்த ஒரு கல்லூரி ஆசிரியன், தன்னை விரும்பி வந்த அழகியை யட்சி என்று சந்தேகிக்கிறான். அழகற்ற என்னை ஒரு பெண் ஏன் விரும்ப வேண்டும் என்ற கேள்விதான் அங்கே பேய். அதே மலையாற்றூர் அதற்கு முந்தின ஆண்டு எழுதியது 'வேர்கள்'. கேரளத்தில் வேரூன்றிய தமிழ் ஐயர் குடும்பத்தின் கதை அது. 'வேர்கள்' நம்மைப் பற்றிய நாவல் என்று மேடைகளில் சொல்கிறோம். 'யட்சி'யும் ஒரு வகையில் நம்மைப் பற்றியதுதான் என்று எனக்குப் படுகிறது. வந்த இடத்தில் தன்னை ஏற்றுக்கொண்டார்களா என்ற சந்தேகம் தீராதவன் கதை அது.

அடுத்த மொழிக்காரி

1993இல் பாசில் இயக்கத்தில் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' படத்தைப் பார்க்காத வீடு நம்மிடையே இருக்காது. மாடம்பள்ளித் தறவாட்டின் பூட்டிய அறையில் இருக்கும் நாகவல்லி யார்? தஞ்சாவூரில் இருந்து கொண்டுவரப்பட்ட நாட்டியக்காரி. எதிர்வீட்டு ராமநாதனை விரும்பியதற்காகக் கொல்லப்பட்டவள். அவள் கங்கைக்குள் புகுந்ததும் பேசுவது தமிழ். மலையாளி கொட்டகையில் பயந்து உட்கார்ந்தபோது, பேய் பேசுவது நம் தாய்மொழியாக இருந்தது.

இந்தக் கதை பிற மொழிகளுக்குப் போனபோது நடந்ததைப் பாருங்கள். கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' (2004): பேய் பேசுவது தெலுங்கு. தமிழில் 'சந்திரமுகி' (2005): அவளும் தெலுங்குக்காரி. இந்தியில் 'பூல் புலையா' (2007): மஞ்சுலிகா வங்காளி. எந்த மொழியில் எடுத்தாலும் பேய் அயல்மொழிக்காரியாகவே இருக்கிறாள். வீட்டுக்குள் கூட்டி வந்து, ஆடவிட்டு, பிறகு அறையில் பூட்டி வைத்த வேற்றூர்ப் பெண் அவள். தமிழ்நாட்டில் இருந்து 'சந்திரமுகி' பார்த்த நம் உறவுக்காரர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கோ அந்தப் பூட்டிய அறையில் இருப்பது நம் மொழி. திரைப்படமாயிற்றே, நாவலைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். பெரியம்மையின் காக்கித்தாள் கட்டில் வந்த கதைகளிலும் பழைய பங்களா, பூட்டிய அறை, எங்கிருந்தோ வந்து மடிந்த பெண் என்ற அதே அமைப்புத்தான் திரும்பத் திரும்ப வந்தது. படம் அதைப் பளிச்சென்று காட்டிவிட்டது, அவ்வளவே.

ஆணியா, காதா?

இப்போது விமர்சனத்துக்கு வருவோம். இந்தக் கதைகள் எல்லாம் உயர்ந்தவை என்று வாதாட நான் வரவில்லை. மாதம் ஒன்று என்ற கட்டாயத்தில், இத்தனை பக்கம் என்ற அளவில் எழுதப்பட்டவை அவை. பல நாவல்களில் கடைசிப் பத்துப் பக்கத்தில் ஒரு மந்திரவாதியோ ஓர் இன்ஸ்பெக்டரோ ஓடி வந்து எல்லாவற்றையும் முடித்து வைப்பார். ஆனாலும் குப்பை என்று ஒரே வார்த்தையில் தள்ளுவது விமர்சனம் ஆகாது. எது தேறும், எது தேறாது என்று பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோலை யட்சிக் கதைகளே தருகின்றன. யட்சியை அடக்கத் தலையில் ஆணி அடித்து மரத்தோடு தறைப்பார்கள். ஆக, ஒரு பேய்க்கதை இரண்டில் ஒன்றைச் செய்யலாம்: ஆணி அடிக்கலாம், அல்லது அவள் என்ன கேட்கிறாள் என்று காது கொடுக்கலாம்.

காது கொடுத்த கதைகளுக்கு நம்மிடம் குறைவில்லை. வைக்கம் முகம்மது பஷீரின் 'நீலவெளிச்சம்' கதையில் இருந்து உருவான 'பார்கவி நிலையம்' (1964) படத்தில், பேய் வீட்டுக்குக் குடிவரும் எழுத்தாளன் மந்திரவாதியைத் தேடவில்லை. அவளோடு பேச்சுக் கொடுக்கிறான்; அவள் கதையை எழுதத் தொடங்குகிறான். தமிழில் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யும் அப்படியே. அங்கும் தூக்கம் வராத ஓர் எழுத்தாளன்; மனைவி இரக்கப்பட்டு வீட்டில் சேர்த்துக்கொண்ட பிச்சைக்காரி; அவள் யார், என்ன என்று கடைசிவரை தீர்ப்புச் சொல்லாத கதை. புதுமைப்பித்தன் 1948இல் உயிர் விட்டது இதே திருவனந்தபுரத்தில் என்பதை நாம் பெருமையும் துக்கமுமாகச் சொல்லிக்கொள்கிறோம். அவரும் ஒரு பேய்க்கதை ஆசிரியர்தான் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

மாத நாவல்களில் இந்த அளவுகோலுக்குப் பெரும்பாலும் நின்றவர் 2024இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன். 'விட்டுவிடு கருப்பு' தொடரும், அதில் இருந்து வந்த 'விடாது கருப்பு' தொலைக்காட்சித் தொடரும் கிராமத்துத் தெய்வ நம்பிக்கையையும் பகுத்தறிவு விசாரணையையும் எதிரெதிரே நிறுத்துகின்றன. பழைய அநியாயம் ஒன்று புதைந்து கிடக்க, ஊர் மறைத்ததைத் தெய்வத்தின் பெயரால் யாரோ தோண்டி எடுக்கிறார்கள். நடை அவசரமானதுதான். ஆனால் கேள்வி அவசரமானதல்ல. பிரீதம் சக்கரவர்த்தி மொழிபெயர்த்து 2008இல் ஆங்கிலத்தில் வந்த பிளாஃப்ட் பதிப்பகத்தின் தமிழ் வெகுஜனக் கதைத் தொகுப்பில் இவரும் ராஜேஷ்குமாரும் ரமணிசந்திரனும் இடம்பெற்றார்கள். பெரியம்மை படித்தவர்களைப் படிப்பாளிகள் ஆங்கிலத்தில் படித்து மெச்சிய பிறகுதான், நம்மில் சிலர் தமிழில் அவர்கள் பெயரைக் கூச்சமில்லாமல் சொல்லத் தொடங்கினோம். இதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நீலி கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. தொண்டை நாட்டில் பழையனூர் நீலி. தெற்கே நாகர்கோவிலுக்குப் பக்கத்துக் கள்ளியங்காட்டு நீலி. முற்பிறப்பில் தன்னைக் கொன்றவனைத் தேடி, இடுப்பில் ஒரு பொய்க் குழந்தையோடு வந்து, இவன் என் கணவன் என்று ஊர்ச் சபையில் முறையிடுகிறாள். சபை அவளை நம்பி அவனை அவளோடு அனுப்புகிறது, அவன் மாள்கிறான், பிணை நின்ற எழுபது வேளாளர் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். அவள் கையில் இருந்த குழந்தை பொய். அவளுக்கு நடந்த கொடுமை மெய். இவ்வளவு சிக்கலை வில்லுப்பாட்டுக்காரர் ஓர் இரவில் பாடிவிடுவார். வெகுஜனக் கதைக்கு ஆழம் கிடையாது என்று சொல்கிறவர்கள் ஒரு ராத்திரி கோயில் கொடையில் உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார்கள்.

பழைய பேப்பர்க் கடை

2006இல் பெரியம்மை காலமானாள். வீட்டை ஒழித்துக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. புதுமைப்பித்தன், நீல. பத்மநாபன், ஒரு கம்பராமாயணம் ஆகியவற்றைத் தனியாக எடுத்து வைத்தேன். காக்கித்தாள் கட்டுகளைப் பழைய பேப்பர்க்காரனுக்கு எடை போட்டுக் கொடுத்தேன். முப்பது வருஷத்துக் கட்டுகள். தராசில் ஏறும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இடம் ஒழிந்ததே என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

என் மகள் பள்ளியில் மலையாளம் எடுத்துப் படித்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. பிளஸ் டூ சமயத்தில் ஸ்டெஃபனி மேயரின் 'ட்விலைட்' வரிசையை ராத்திரி பகல் பாராமல் படித்தாள். ரத்தம் குடிக்கும் வம்சத்துப் பையனைக் காதலிக்கும் பெண்ணின் கதை. நான் அவளைத் திட்டினேன். 'உருப்படியாத் தமிழ் படிக்கப்படாதா?' என்றேன். அவளுக்கு உருப்படியான தமிழ் என்று நான் நீட்டியது கம்பராமாயணம்.

2025இல் 'லோகா' என்ற மலையாளப் படம் வந்தது. கள்ளியங்காட்டு நீலியை இன்றைய பெங்களூரில் உலவவிட்ட படம். அங்கேயே வேலை பார்க்கும் மகள் அன்று ராத்திரி போன் செய்தாள். 'அப்பா, நீலி நம்ம ஊர்க்காரியா? பெரியாச்சி சொல்லுவாள்ல, அந்தக் கதை புஸ்தகமா இருக்கா?' எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. உட்கார்ந்து எட்டுப் பக்கம் தமிழில் எழுதி, படம் எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: 'அப்பா, இதை வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்களேன்.'

தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாமல் போனதற்குப் பள்ளியைக் குறை சொல்வதா, அரசைக் குறை சொல்வதா? நான் என்னைத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். அடுத்த பக்கத்தில் என்ன ஆகும் என்ற தவிப்பில்தான் ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொள்ளும். அந்தத் தவிப்பைத் தரக்கூடிய கட்டு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதை நான் கிலோ கணக்கில் விற்றேன்.

ஆகவே நம் சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில், கட்டிலுக்கு அடியில், பழைய டிரங்குப் பெட்டியில் இப்படிப்பட்ட கட்டுகள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். சங்க நூலகத்தில் ஓர் அலமாரியை அவற்றுக்கு ஒதுக்கலாம். பேய், காதல், துப்பறிதல் என்று பெரியம்மை பிரித்த மாதிரியே பிரித்து வைக்கலாம். எது ஆணி அடிக்கிறது, எது காது கொடுக்கிறது என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று, அதுவும் பெரியம்மை வைத்ததுதான்: வாசித்து முடித்ததும் உடனே திருப்பித் தந்துவிட வேண்டும், அடுத்த வீட்டுக்காரி காத்துக் கிடக்கிறாள்.