ஞாயிறு காலை பத்து மணி

'லா மிஸ்மா லூனா' என்று ஒரு மெக்ஸிகோ படம். 'அதே நிலா' என்று அர்த்தம். பத்ரீஸியா ரிகன் என்ற பெண்மணி 2007-ல் எடுத்த முதல் முழுநீளப் படம். ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டு, போன வாரம்தான் பார்க்க வாய்த்தது. சிபாரிசு செய்த நண்பர் 'பக்கத்தில் கர்ச்சீப் வைத்துக்கொள்ளுங்கள்' என்றார். பாதி சரி.

கதை சிம்பிள். அம்மா ரொஸாரியோ லாஸ் ஏஞ்சலிஸில் வீட்டு வேலை செய்கிறாள், விசா கிசா எதுவும் இல்லாமல். ஒன்பது வயசுப் பையன் கார்லிட்டோஸ் மெக்ஸிகோவில் பாட்டியுடன் இருக்கிறான். நேரில் பார்த்து நாலு வருஷம். ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்கு அம்மா ஒரு தெருமுனை ஃபோன் பூத்திலிருந்து கூப்பிடுவாள். அவ்வளவுதான் குடும்பம்.

என்ன பேசுவார்கள்? சாப்பிட்டியா, ஸ்கூல் போனியா வகையறாதான். 'எப்பம்மா வருவே?' என்றால் அவளிடம் பதில் இல்லை. எனவே பையன் வேறு மாதிரி கேட்கிறான்: நீ நிக்கிற இடம் எப்படி இருக்கு? அவள் சொல்கிறாள்: பஸ் ஸ்டாப், பீட்ஸாக் கடை, துணி துவைக்கிற கடை, சுவரில் பெரிசாக ஓர் ஓவியம்.

குடும்பச் செய்தி என்று பார்த்தால் இது பைசா பெறாது. ஆனால் கடைசியில் உதவுவது இதுதான். ஒரு காலை எழுந்து பார்த்தால் பாட்டி இறந்துகிடக்கிறாள். பையன் சேர்த்து வைத்த பணத்தை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிவிடுகிறான். கவர் மேல் இருந்த விலாசத்தைத் தேடிப்போனால், அது வெறும் தபால் பெட்டி எண்! மிச்சமிருப்பது ஃபோனில் கேட்ட அந்த நாலு அடையாளம். அத்தனை பெரிய ஊரில் ஒரு பீட்ஸாக் கடையையும் ஒரு சுவரையும் வைத்துக்கொண்டு தேடுகிறான். இந்த ஒரு யோசனைக்காக ரிகனுக்குக் கை கொடுக்கலாம்.

மற்றபடி குறைகள் உண்டு. கெட்டவர்கள் அட்டையில் வெட்டின மாதிரி கெட்டவர்கள். வேண்டிய நேரத்தில் வேண்டிய ஆள் வந்து சேர்கிறார். ஏங்கும்போது இருவரும் ஒரே நிலாவைப் பார்க்க வேண்டுமாம். நிலாவைத் தூது அனுப்புவதில் தமிழ் சினிமா டாக்டர் பட்டமே வாங்கியாகிவிட்டது. மெக்ஸிகோவிலிருந்து கற்றுக்கொள்ள ஏதுமில்லை. முசுட்டு என்ரிகேயாக வரும் யூஜெனியோ டெர்பெஸ் இல்லையென்றால் நடுப்பகுதியில் தூங்கியிருப்பேன்.

என் பெரிய புகார் வேறு. ஒன்பது வயசுப் பையன் அம்மாவிடம் 'உன் அம்மா செத்துப் போயிட்டா' என்று ஃபோனில் எப்படிச் சொல்வான்? சொன்னாலும் அவள் என்ன செய்ய முடியும்? முகம் பார்க்க ஊருக்குப் போனால், திரும்பி வர மறுபடி திருட்டுத்தனமாக எல்லை தாண்ட வேண்டும். இருக்கிற கதையிலேயே கனமான காட்சி அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபோன்தான். டைரக்டர் ஞாயிறு வருவதற்குள் பையனை ஊரைவிட்டே கிளப்பிவிட்டார்.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வெளியூரில் இருப்பவனுக்கு 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி' என்று தந்தி அடிப்போம். ஃபாதர் முதல் நாளே போயிருப்பார். வாங்குகிறவனுக்கும் அது தெரியும். தெரிந்தே, வழியெல்லாம் 'சீரியஸ்'தான் என்று நம்பிக்கொண்டு வருவான். தந்தியை 2013-ல் மூடிவிட்டார்கள். இப்போது கார்லிட்டோஸ் 'லொகேஷன் அனுப்பு' என்பான், மூன்று செகண்டில் அம்மாவின் தெருமுனை வந்துவிடும். வீடியோ காலும் உண்டு. இருமுகிற பாட்டியை ஃபிரேமுக்கு வெளியே உட்கார வைத்துவிட்டுப் பேசுவார்கள், அவ்வளவுதான்.

கடைசிக் காட்சியில் தெருவின் இந்தப் பக்கம் பையன், அந்தப் பக்கம் ஃபோன் பூத் அருகே அம்மா. நடுவே டிராஃபிக். நடந்து கடக்க சிக்னல் விழவில்லை. இருவரும் சிரித்துக்கொண்டே நிற்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் என் மனைவி கர்ச்சீப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். நான், சாலையைக் கடந்ததும் அவன் பாட்டியைப் பற்றி முதலில் என்ன சொல்வான் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சிக்னல் விழுந்தது. படத்தை முடித்துவிட்டார்கள்.