பெட்டியை அகற்றிய பின்

அமெரிக்க எழுத்தாளர் மேரி வின் இயற்றிய 'தி பிளக்-இன் டிரக்' 1977இல் வெளிவந்தது. மின்செருகியின் வழியே வீட்டினுள் நுழையும் போதைப்பொருள் என்பதே தலைப்பின் கருத்து. கணினியையும் ஆய்வில் சேர்த்துத் திருத்திய பதிப்பு 2002இல் வந்தது. தொலைக்காட்சியின்றி வாழ விரும்பும் குடும்பங்களுக்கு இந்நூல் எவ்வளவு தூரம் துணை நிற்கும் என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

நூலின் மையக் கருத்து எளியது, ஆயினும் கூர்மையானது. திரையில் எது காட்டப்படுகிறது என்பதைக் காட்டிலும், பார்த்துக்கொண்டே அமர்ந்திருத்தல் என்னும் செயலே குழந்தையைப் பாதிக்கிறது என்கிறார் வின். அந்நேரத்தில் குழந்தை பேசுவதில்லை, விளையாடுவதில்லை, சலிப்பைத் தாங்கித் தானே ஒன்றைக் கற்பனை செய்யப் பழகுவதுமில்லை. பெற்றோரும் அதட்டியும் அணைத்தும் வளர்க்கும் உழைப்பைத் திரையிடம் ஒப்படைத்துவிடுகின்றனர்.

நம் சமுதாயத்தில் நிகழ்ந்த விவாதமோ வேறு திசையில் சென்றது. உருவம் கூடுமா, இசை கூடுமா என்று தொடங்கி, நல்ல நிகழ்ச்சியாயின் தடையில்லை என்ற முடிவில் பல வீடுகள் அமைதி கண்டன. ரமழானில் ஸஹர் நேரச் சொற்பொழிவுக்காக வாங்கிய பெட்டி ஷவ்வாலில் மௌனம் காக்கவில்லை. வின்னின் வாதம் இந்த அமைதியைக் குலைக்கிறது. ஹலாலான நிகழ்ச்சியும் தந்தையும் மகனும் பேசியிருக்கக்கூடிய ஒரு மணி நேரத்தை விழுங்கவே செய்கிறது. திரையில் ஏறும் சமயமும் கேளிக்கையின் சாயலைப் பெற்றுவிடும் என்று நீல் போஸ்ட்மன் 1985இல் எச்சரித்ததும் நினைவுகூரத்தக்கது.

நூலின் குறை வேறிடத்தில் உள்ளது. 1974இல் டென்வர் நகரக் குடும்பங்கள் சில தாமே முன்வந்து பெட்டியை அணைத்துவைத்த சோதனையை வின் விவரிக்கிறார். வாசிப்பும் விளையாட்டும் உரையாடலும் கூடின. எனினும் சோதனை முடிந்ததும் அவர்கள் பழைய வழக்கத்துக்கே திரும்பினர். ஏன் என்பதற்குப் 'போதை' என்னும் உவமை முழு விடையாகாது. போதையை நிறுத்துவது ஒரு தனிமனிதரின் விலகல். குடும்பமோ விலகிய இடத்தில் வேறொன்றைக் கட்டியெழுப்ப வேண்டும். அதுவும் அனைவரின் இசைவோடு.

நம் வீடுகளை எண்ணிப் பார்ப்போம். பெட்டியை அகற்ற ஆணையிடும் கணவர் கடைத்தெருவிலும் பள்ளிவாசல் வாயிலிலும் நாலு பேரோடு அளவளாவி வருகிறார். பகலெல்லாம் வீட்டினுள் உழைக்கும் மனைவிக்கு மாலைத் தொடர் ஒன்றே இளைப்பாறுதலாக இருக்கக்கூடும். அவரைக் கேளாமல் அதனைப் பறிப்பது சீர்திருத்தமன்று, அதிகாரம். குழந்தையின் பால்குடியை முன்னதாக நிறுத்துவதைக்கூடத் தாயும் தந்தையும் மனம் ஒப்பி, கலந்தாலோசித்து முடிவு செய்ய வழிகாட்டுகிறது திருமறையின் 2:233ஆம் வசனம். திரையை மறக்கடிக்க அதனினும் குறைந்த மஷ்வரா போதுமா?

இன்று திரை கைபேசியாகி ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியே ஒளிர்கிறது. கூடத்துப் பெட்டியை அகற்றிவிட்டு அறைக்கொரு திரையை அனுமதிக்கும் வீடு தொலைக்காட்சியற்ற வீடாகாது. எதை, ஏன் அகற்ற வேண்டும் என்பதை அறிய வின்னின் நூலைப் படிக்கலாம். அகற்றிய மாலைப்பொழுதில் எவர் கதை சொல்வார், எவர் சொல்லுக்கு எவர் செவிசாய்ப்பார் என்பதை வீட்டார் அனைவரும் கூடியமர்ந்தே எழுதியாக வேண்டும்.