தேயும் சுரம்: சக்கமோட்டோவின் பியானோ இசை

பியானோவிற் கமகம் இல்லை. சுத்தியல் தந்தியைத் தட்டியபின் அச்சுரத்தை அசைத்தலோ வளர்த்தலோ இயலாது. அது தேய்ந்தே தீரும். ஸ்கந்தபுரத்துத் திருவிழாக்களில் நாதஸ்வரங் கேட்டுப் பழகிய செவிக்கு இது பெருங் குறையாகவே தோன்றும். யப்பானிய இசையமைப்பாளர் றியூச்சி சக்கமோட்டோ (1952–2023) தம் இறுதிக்காலத்தில் அக்குறையையே இசைக்குப் பொருளாக்கினார். ஒரு சுரம் மங்கும்வரை அடுத்ததைத் தாமதிக்கிறார். ஆலாபனையிற் சுரத்தின் அசைவைப் பின்தொடரும் நாம், இங்கு அதன் தேய்வைப் பின்தொடர்கின்றோம்.

அவரது 71ஆவது பிறந்தநாளான 2023 சனவரி 17இல் வெளிவந்த ‘12’ என்னும் தொகுதி இதற்குத் தக்க சான்று. புற்றுநோய்ச் சிகிச்சைக் காலத்தில் நாட்குறிப்புப் போல ஆக்கப்பட்ட பன்னிரண்டு உருப்படிகள், திகதிகளே தலைப்புகள். மின்னிசைக் கருவி முன்னிற்பனவும் உள. பியானோ ஒலிக்கும் சிலவற்றில் அவர்தம் மூச்சும் கேட்கிறது. நோயாளியின் மூச்சென்று இரங்குவோர் இசையைத் தவறவிடுவர். தாளக்கட்டற்ற அவ்விசையிற் காலத்தை அளப்பது அம்மூச்சே. நோயை மறந்து கேட்பினும் அவை நிற்கும் என்பதே என் துணிபு.

எனினும் எல்லாம் ஒரு தரத்தன அல்ல. இறுதி உருப்படி வெறும் மணிகளின் கிணுகிணுப்பு. அதனை ஏனையவற்றோடு ஒருங்கு வைத்தெண்ண எனக்கு மனமில்லை.