மாடியிலிருந்து ஓரியன் நெபுலா: படமும் மெருகும்

ஓரியன் நெபுலாவின் படவரலாறு வீட்டு வளாகங்களில்தான் தொடங்கியது. 1880 செப்டம்பரில் ஹென்றி டிரேப்பர் என்ற அமெரிக்க மருத்துவர், நியூயார்க்குக்கு அருகே குடும்பத்துக்குச் சொந்தமான இடத்தில் வைத்திருந்த 11 அங்குலத் தொலைநோக்கியில் 51 நிமிடம் தகட்டைத் திறந்துவைத்து அதன் முதல் படத்தை எடுத்தார். 1883இல் லண்டனை ஒட்டிய ஈலிங்கில் ஆன்ட்ரூ ஐன்ஸ்லி காமன் என்ற பொறியாளர், தம் வீட்டுத் தோட்டத்தில் நின்ற 36 அங்குலத் தொலைநோக்கியால் எடுத்த படம் இன்னும் ஒரு படி மேலே போனது. கண்ணுக்கு எட்டாத மங்கலான நட்சத்திரங்கள் அதில் பதிந்திருந்தன. மறு ஆண்டே ராயல் வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

இன்று மொட்டை மாடியில் தொலைநோக்கியை நிறுத்துபவரின் பலமும் கண்ணுக்கு எட்டாததைப் பதிவுசெய்வதுதான். விழித்திரை தன்மேல் விழும் ஒளியை அவ்வப்போதே கைவிட்டுவிடும். சென்சார் அதைச் சேர்த்துவைக்கும். திருவாதிரை சிவந்து நிற்கும் அதே விண்மீன் கூட்டத்தில், ஏறத்தாழ 1,350 ஒளியாண்டு தொலைவில், நட்சத்திரங்களைப் பெற்றெடுத்துக்கொண்டிருக்கும் இந்த வாயுத்திரள் சிறிய தொலைநோக்கியில் சாம்பல் பூத்த புகையாகத்தான் தெரியும். பல எக்ஸ்போஷர்களைக் கணினியில் அடுக்கினால் இரைச்சல் அடங்கி, தூசியின் மடிப்புகள் மேலெழும். கணக்கு மட்டும் கொஞ்சம் கறாரானது: தெளிவு இருமடங்காக, நேரம் நான்கு மடங்காக வேண்டும்.

இந்தப் படங்களின் மீது வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு, நிறம் பொய் என்பது. எனக்கு இது பலவீனமான வாதமாகவே படுகிறது. ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் உமிழும் சிவப்பு அங்கே உண்மையாகவே இருக்கிறது. இருட்டில் நம் கண்ணுக்குத்தான் அதைப் பிடிக்கும் திறன் இல்லை. ஹபிள் 1995இல் எடுத்த கழுகு நெபுலாவின் தூண்கள் படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று ஒதுக்கியிருந்தார்கள். அது ஒரு வரைபடம். எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்லிவிட்டால் அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் மட்டும் விடும் வடிகட்டியைப் போட்டுப் படமெடுத்துவிட்டு, கந்தகமே பதியாத அந்தத் தரவிலிருந்து ஹபிளின் பொன்னிறத்தை வரவழைப்பதுதான் உறுத்துகிறது. அங்கே நிறம் எந்தத் தனிமத்தையும் சுட்டாத வெறும் பூச்சு. பார்க்க அழகாக இருப்பதால் யாரும் கேட்பதில்லை.

ஒளியின் அளவிலும் இதே கதைதான். ஓரியனின் நடுவே டிரப்பீசியம் எனப்படும் நட்சத்திரக் கொத்து சில வினாடிகளிலேயே வெளுத்துவிடும். ஓரத்துத் தூசிக்கோ பல மணி நேரம் வேண்டும். குறுகிய படங்களையும் நீண்ட படங்களையும் இணைத்துத்தான் இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர முடியும். வேறு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், மையமும் ஓரமும் ஏறக்குறைய ஒரே பிரகாசம் என்றுதான் பார்ப்பவர் எண்ணிக்கொள்வார்.

இவற்றைவிடப் பெரிய குறை மெருகேற்றும் கட்டத்தில் இருக்கிறது. அதனால் எதை இழக்கிறோம் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2004 ஜனவரியில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜே மெக்நீல் என்ற அமெச்சூர், 3 அங்குலத் தொலைநோக்கியால் ஓரியன் கூட்டத்தில் உள்ள எம்78 நெபுலாப் பகுதியைப் படமெடுத்தார். பழைய படங்களில் காணாத ஒரு சிறு ஒளித்திட்டு அதில் இருந்தது. பிற்பாடு வி1647 ஓரியனிஸ் என்று பெயரிடப்பட்ட இளம் நட்சத்திரம் ஒன்று திடீரென வெடித்துப் பிரகாசித்து, சுற்றியிருந்த முகிலுக்கு வெளிச்சம் போட்டிருந்தது. அதே திட்டு 1966இல் எடுத்த படமொன்றிலும் இருந்தது பின்னர் தெரியவந்தது. நட்சத்திரம் பிறக்கும் இடம் ஓரிரு ஆண்டுகளுக்குள்ளேயே மாறக்கூடியது. அதை ஒவ்வொரு பருவமும் திரும்பத் திரும்பப் பார்க்கப் பெரிய தொலைநோக்கிகள் பலவற்றுக்கு நேரம் கிடைப்பதில்லை. மாடிக்காரருக்கு உண்டு.

அந்த அனுகூலத்தை இன்றைய மென்பொருள் பழக்கம் அரித்துவிடுகிறது. நகர வெளிச்சத்தின் சாய்வைச் சமன்செய்யும் கருவி, மெல்லப் பரவிய உண்மையான முகிலையும் சேர்த்துச் சுரண்டிவிடும். நரம்பு வலைப்பின்னலால் கூர்மையாக்கும் கருவிகள், தாம் கற்ற படங்களின் சாயலில்தான் விளிம்புகளைத் தீட்டும். புதிதாக முளைத்த ஒன்று எப்படி இருக்கும் என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்?

தானே வானத்தை அடையாளம் கண்டு, தானே தொடர்ந்து, தானே அடுக்கித் தரும் சீஸ்டார் போன்ற சிறு கருவிகளைப் பழைய கைகள் ஏளனம் செய்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சென்னையில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கன்னியாகுமரியில் இன்னும் கீழே, 8 டிகிரி. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைத்துவிடும் அந்த நட்சத்திரத்தை நோக்கி, தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்டைச் சரிசெய்வதில் பாதி இரவைத் தொலைப்பது ஒரு தவம் ஆகிவிடாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஓரியன் தலைக்கு மேல் வரும் ஜனவரி, பிப்ரவரியின் தெளிந்த இரவுகள் வீணடிக்கக் கூடியவை அல்ல. குறை வேறிடத்தில் இருக்கிறது. தனித்தனிப் படங்களைச் சேமிக்கும் வசதி இருந்தும், பலர் கைபேசியில் வந்து சேரும் இறுதிப் படத்தோடு நின்றுவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க மூலத் தரவு மிஞ்சுவதில்லை.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. உலகிலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட விண்மீன் மண்டலங்களில் ஒன்றான ஆண்ட்ரோமெடாவின் அருகே, ஆக்சிஜன் உமிழும் நீண்ட வில் ஒன்று இருப்பதை 2022இல் டிரெக்ஸ்லர், ஸ்ட்ரோட்னர், செயின்டி என்ற அமெச்சூர்கள் குறுகிய அலைவரிசை வடிகட்டியால் கண்டார்கள். லென்ஸ் பிரதிபலிப்பாகவோ செயலாக்கப் பிழையாகவோ இருக்கலாம் என்ற சந்தேகம்தான் அவர்களுக்கு முதலில் எழுந்தது. வேறு இடங்களிலிருந்து, வேறு கருவிகளாலும் அந்த வில் பதிகிறதா என்று பார்த்தார்கள். பதிந்தது. தொழில்முறை வானியலாளர்களைச் சேர்த்துக்கொண்டு, 2023 ஜனவரியில் அதை ஆய்விதழில் வெளியிட்டார்கள்.