பிசிறோடு பாடுகிறவர்கள்

இருபது வயது எட்வின் காலின்ஸ் பாடியதைக் கேட்டால், எந்தப் பாட்டு வாத்தியாரும் பாதியிலேயே கையமர்த்தியிருப்பார். அடித்தொண்டையில் புறப்படுகிற குரல் மேலே ஏறும்போது தடுமாறும். சுருதியைத் தொட்டும் தொடாமலும் போய் எப்படியோ கரைசேரும். 1980-ல் அவருடைய கிளாஸ்கோ குழுவான ஆரஞ்ச் ஜூஸ் வெளியிட்ட முதல் தட்டு 'ஃபாலிங் அண்ட் லாஃபிங்'. அதில் பேஸ் கிட்டார் டிஸ்கோ நடையில் துள்ளுகிறது. மேலே கிட்டார்கள் சரசரவென்று, கொஞ்சம் அவசரமாகவே ஓடுகின்றன. நடுவே இந்தக் குரல், காதலில் விழுந்தவன் தன்னையே பார்த்துச் சிரித்துக்கொள்வதைச் சொல்கிறது. தடுமாற்றத்தைச் சரிசெய்துவிட்டால் அந்தப் பாட்டில் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஸ்காட்லாந்து பாப் இசையின் மேல் எனக்குள்ள பிரியம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பிசிறை மறைக்காத இசை அது.

அன்றைய கிளாஸ்கோ, கப்பல் கட்டும் தொழில் நொடித்துப்போய், முரட்டுத்தனத்துக்குப் பேர்போன ஊராக இருந்தது. பங்க் இசை உறுமி ஓய்ந்திருந்த நேரம். அப்படிப்பட்ட ஊரில் நெற்றியில் முடி புரள, ஒரு பழச்சாற்றின் பெயரை வைத்துக்கொண்டு மேடையேறிக் கூச்சத்தைப் பாட நல்ல துணிச்சல் வேண்டும். மேடைக்குக் கீழிருந்து வசவுகளும் வந்தன. ஆலன் ஹார்ன் என்ற இளைஞர் தன் வீட்டையே அலுவலகமாக்கி நடத்திய போஸ்ட்கார்ட் ரெக்கார்ட்ஸ்தான் இவர்களை வெளியிட்டது. 'இளைய அமெரிக்காவின் ஓசை' என்று அமெரிக்காவின் மோடவுன் நிறுவனம் சொல்லிக்கொண்டதைக் கேலிசெய்து, 'இளைய ஸ்காட்லாந்தின் ஓசை' என்று தன் தட்டுகளில் போட்டுக்கொண்டார் ஹார்ன். எடின்பரோவிலிருந்து ஜோசஃப் கே, ஈஸ்ட் கில்பிரைடிலிருந்து பதின்வயது ராடி ஃப்ரேமின் ஆஸ்டெக் கேமரா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய குழுக்களே அதில் இருந்தன. அதிக நாள் தாக்குப்பிடிக்கவும் இல்லை. ஆனால் லண்டனுக்கு மூட்டை கட்டாமலே பாட்டுப் போடலாம் என்று அங்கிருந்த பையன்களுக்குக் காட்டிவிட்டது.

ஆரஞ்ச் ஜூஸ் 1983-ல் பிரிட்டிஷ் பட்டியலில் எட்டாம் இடம் வரை போனது, 'ரிப் இட் அப்' பாட்டால். அதன் அடியில் குமிழியிட்டபடி ஓடுவது ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்ற சின்னப் பெட்டி. பின்னாளில் ஆசிட் ஹவுஸ் நடன இசைக்கே அடையாளமாகிப்போன கருவி. பாட்டின் நடுவில் இன்னொரு குறும்பு இருக்கிறது. பஸ்காக்ஸ் என்ற பங்க் குழுவின் 'போர்டம்' பாட்டைக் காலின்ஸ் பெயர் சொல்லிக் குறிப்பிடுவார். உடனே அந்தப் பாட்டில் வரும் இரண்டே ஸ்வர கிட்டார் துணுக்கு தலைகாட்டிவிட்டு ஓடும். வாசிப்பு வித்தையைப் பறைசாற்றாமல், ரசிகனாகவே நின்று பாடும் மனசு அது.

காலின்ஸ் தனியாகப் பாடிய 'எ கேர்ள் லைக் யூ' உலகம் முழுக்க ஒலித்தது 1995-ல். அதன் பிறகு 2005 பிப்ரவரியில் காலின்ஸுக்கு மூளையில் இரண்டு முறை ரத்தக்கசிவு. வலது கை செயலிழந்தது, பேச்சு போனது. ஆரம்பத்தில் அவர் வாயில் வந்தவை ஆம், இல்லை, மனைவி கிரேஸ் மேக்ஸ்வெல்லின் பெயர், சாத்தியங்களுக்கு எல்லையே இல்லை என்ற பொருளில் ஒரு வாக்கியம். இவ்வளவுதான். பின்னாளில் அந்த வாக்கியமே அவரைப் பற்றிய ஆவணப்படத்துக்குத் தலைப்பானது. இடது கையால் பறவைகளை வரைந்து பழகினார். கிட்டாரில் இடது கையால் அவர் ஸ்வரக்கட்டைப் பிடிக்க, பக்கத்தில் உட்கார்ந்து கிரேஸ் தந்தியை மீட்டுவார். அப்படிப் பிறந்த பாடல்களும் உண்டு.

2010-ல் வந்த 'லூசிங் ஸ்லீப்' ஆல்பத்தைக் கேளுங்கள். வாக்கியங்கள் குட்டையாகிவிட்டன. இளமையில் சொல்லில் காட்டிய மினுக்கும் கிண்டலும் உதிர்ந்துவிட்டன. எனக்குப் பயமாக இருக்கிறது, விடை தெரியவில்லை என்கிற மாதிரி, சுற்றிவளைக்காத பேச்சு. இதை நோயாளியின் வெற்றிக்கதையாக எழுதிக் கண்ணீர் வரவழைப்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. பாட்டாகவே அது நிற்கிறது. குறையை ஒளிக்காமல் பாடுவது அவருக்குப் பழகிய கலைதானே. அந்த ஆல்பத்தில் துணைக்கு வந்தவர்களில் ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட் குழுவின் அலெக்ஸ் கப்ரானோஸும் நிக் மெக்கார்த்தியும் உண்டு. அந்த நறுக்குத் தெறித்த கிட்டார் நடையை ஆரஞ்ச் ஜூஸிடமும் ஜோசஃப் கேயிடமும் கற்று, 2004-ல் பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசு வரை போனவர்கள்.

கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே, இரும்பாலைப் பகுதியில் பெல்ஸ்ஹில் என்று ஒரு சிற்றூர். சூப் டிராகன்ஸ், பிஎம்எக்ஸ் பேண்டிட்ஸ், டீனேஜ் ஃபேன்கிளப் என மூன்று குழுக்களுக்கும் வேர் அங்கேதான். டீனேஜ் ஃபேன்கிளப்பின் 'பேண்ட்வேகனெஸ்க்' 1991-ல் வந்தது. நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வந்த அதே ஆண்டு. அமெரிக்காவின் ஸ்பின் பத்திரிகை 'நெவர்மைண்ட்'டை விட்டுவிட்டு ஆண்டின் சிறந்த ஆல்பமாக இதைத் தேர்ந்தெடுத்தது. பலர் இன்றும் அதைப் பிழை என்பார்கள், நான் சொல்லமாட்டேன். முதல் பாட்டு 'தி கான்செப்ட்' கிட்டாரின் ரீங்கார இரைச்சலில் தொடங்கி ஒரு சாதாரண பாப் பாட்டாக நடைபோடும். மூன்று நிமிடம் கழிந்து, முடிந்தது என்று நாம் நினைக்கும் இடத்தில், தாளம் திடீரெனத் தளரும். சொற்கள் நின்றுவிடும். 'ஆ' என்ற அகாரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு குரல்கள் அடுக்கடுக்காக ஏற, கிட்டார் அவசரமே இல்லாமல் மேலே அலையும். அந்தக் குரல்களில் ஒன்றுகூடப் பெரிய குரல் இல்லை. தனித்தனியே கேட்டால் மூன்று அண்டைவீட்டுக்காரர்கள். சேரும்போது மட்டும் மனம் கரைகிறது.

நார்மன் பிளேக், ஜெரார்ட் லவ், ரேமண்ட் மெக்கின்லி மூவருமே பாட்டெழுதுகிறவர்கள். பெரும்பாலான குழுக்கள் உடைவது இதனால்தான். இவர்களோ ஆளுக்குச் சில பாட்டு என்று பங்கிட்டுக்கொண்டு ஏறக்குறைய முப்பது வருடம் ஓட்டினார்கள். லவ் 2018-ல் விலகினார். எனக்குப் பிடித்த பாட்டுகளில் பாதிக்குமேல் அவருடையவை என்பதால், அதற்குப் பிறகு வந்த ஆல்பங்களைக் கேட்கும்போது ஒரு நாற்காலி காலியாகவே தெரிகிறது. ஆனாலும் 2023-ன் 'நத்திங் லாஸ்ட்ஸ் ஃபாரெவர்' வயதை மறைக்காமல் பாடுகிற ஆல்பம், அந்த நேர்மைக்காகவே கேட்கலாம்.

பிசிறுதான் ஸ்காட்லாந்து என்று நான் முடிவு கட்டப்போகும் நேரத்தில் எதிரே வந்து நிற்பது தி ப்ளூ நைல். இவர்களிடம் துளி அழுக்கு கிடையாது. முதல் ஆல்பத்தை 1984-ல் வெளியிட்டதே இசைத்தட்டுச் சுழலிகளுக்குப் பேர்பெற்ற கிளாஸ்கோவின் லின் நிறுவனம்தான். இரண்டாவது ஆல்பம் 'ஹேட்ஸ்' வர ஐந்து வருடம், அடுத்ததற்கு ஏழு, அதற்கடுத்ததற்கு எட்டு. இருபது வருடத்தில் நாலே ஆல்பம். சின்தசைசர் ஒலி விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடக்க, அதன் மேல் பால் புகானனின் குரல் மட்டும் தூக்கமில்லாத மனிதனைப்போல் நடமாடும். 'தி டவுன்டவுன் லைட்ஸ்' பாட்டின் கடைசியில் நியான் விளக்கு, வாடகைக் கார் என்று நகரத்தின் பொருட்களை மூச்சுவிடாமல் அடுக்கிக்கொண்டே போவார், அங்கே குரல் உடைந்துபோகும். அத்தனை வருட மெருகும் அந்த ஒரு உடைசலைத் தாங்கிப் பிடிக்கத்தான் என்று தோன்றுகிறது. 2024-ல் டெய்லர் ஸ்விஃப்ட் இந்தப் பாட்டைத் தன் பாட்டில் குறிப்பிட்டபின் புதுத் தலைமுறையும் இவர்களைத் தேடிப்போனது.

அரங்கங்களை நிறைத்த சிம்பிள் மைண்ட்ஸின் பிற்காலப் பாட்டுகள் எனக்கு ஒட்டவில்லை. மேடை பெரிதாகப் பெரிதாக ஆள் சின்னதாகிவிடுகிறார். இதற்கு விதிவிலக்கு தி ப்ரோக்ளெய்மர்ஸ் இரட்டையர். கிரெய்க், சார்லி ரீட் இருவரும் வீட்டில் பேசும் உச்சரிப்பிலேயே பாடுகிறார்கள். 1987-ன் 'லெட்டர் ஃப்ரம் அமெரிக்கா' அந்தக் காலத்தில் மேட்டுநிலத்திலிருந்து கப்பலேறியவர்களையும், தங்கள் காலத்தில் ஆலை மூடிய ஊர்களையும் ஒரே மூச்சில் நினைத்தது. லின்வுட் கார் ஆலை, பாத்கேட் லாரி ஆலை இவற்றின் ஊர்ப்பெயர்களே அதில் பல்லவியாகின்றன. 2016 மே மாதம் ஹிபெர்னியன் கால்பந்து அணி 114 வருடத்துக்குப் பிறகு ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது. அன்று ஹாம்ப்டன் மைதானத்தில் பாதிக் கூட்டம் இந்த இரட்டையரின் 'சன்ஷைன் ஆன் லீத்' பாடியதைப் பதிவில் பார்த்தால், கொஞ்சம்கூடச் சுருதி சேராத ஆயிரக்கணக்கான தொண்டைகள். அதைவிடச் சரியாக யாரும் அந்தப் பாட்டைப் பாடியதில்லை.

மூத்தவர்கள் இங்கே சிலையாகிவிடுவதில்லை, கடை வைக்கிறார்கள். தி பேஸ்டல்ஸின் ஸ்டீஃபன் பேஸ்டல் கிளாஸ்கோவில் மோனோரெயில் இசைத்தட்டுக் கடையை நடத்துகிறவர்களில் ஒருவர். ஸ்டோ கல்லூரியின் இசைத்தொழில் வகுப்பு மாணவர்கள் எலக்ட்ரிக் ஹனி என்ற வெளியீட்டு நிறுவனத்தை நடத்தினார்கள். 1996-ல் அவர்கள் ஆயிரம் பிரதிகள் மட்டும் அச்சிட்ட தட்டுதான் பெல் அண்ட் செபாஸ்டியனின் 'டைகர்மில்க்'. டெல்காடோஸ் குழுவினர் தொடங்கிய கெமிக்கல் அண்டர்கிரவுண்ட் நிறுவனம்தான் மொக்வாயையும் அராப் ஸ்ட்ராப்பையும் வெளியே கொண்டுவந்தது.

புதியவர்களில் முதலில் ஹேமிஷ் ஹாக்கைச் சொல்வேன். எடின்பரோக்காரர். சொல்விளையாட்டும் கனத்த குரலும் கொஞ்சம் நாடகமும் கலந்தவர், சில சமயம் சொல் மிஞ்சிவிடும். 'ஹெவி எலிவேட்டர்' தொடங்கி அவருடைய ஆல்பங்களைத் தயாரித்தவர் ஐடில்வைல்ட் குழுவின் ராட் ஜோன்ஸ். யங் ஃபாதர்ஸ் மூவர் புதியவர்கள் என்று சொல்லும் கட்டத்தைத் தாண்டிவிட்டார்கள், 2014-லேயே மெர்க்குரி பரிசு வாங்கியவர்கள். ஆனால் 2023-ன் 'ஹெவி ஹெவி' தேவாலயக் கோஷ்டிகானமும் தெருக்கூச்சலும் மோதுகிற புத்தம்புது ஓசை. பிறகு சேக்ரட் பாஸ். ரே ஆக்ஸின் கிட்டாரில் மேற்கு ஆப்பிரிக்க ஹைலைஃப் இசையின் துள்ளல் தெறிக்கும், டிரம்ஸில் எய்லி ராஜர்ஸ் அதைத் துரத்திப் பிடிப்பார். 2017-ல் 'ஸ்ட்ரைக் எ மேட்ச்' ஆல்பத்துக்கு ஸ்காட்லாந்தின் ஆண்டு ஆல்பப் பரிசு கிடைத்தது. இருவரும் மாறி மாறிப் பாடும்போது ஒருவர் வரியில் மற்றவர் சற்று முந்தியே நுழைந்துவிடுகிறார், யாரும் திருத்தவில்லை.