இலவசக் கருவியும் விலைக் கருவியும்: ஒரு விமர்சன நோக்கு

விலைக்கு விற்கப்பட்ட செய்நிரலாக்கக் கருவிகளைத் திறந்த மூலக் கருவிகள் வீழ்த்தியமை, கூட்டு உழைப்பு மூலதனத்தை வென்ற கதையாகவே பெரும்பாலும் எடுத்துரைக்கப்படுகின்றது. இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயின், இலவசமாக வழங்கியவர் யார், எதன்பொருட்டு வழங்கினர் என்னும் வினாக்களை அது எழுப்புவதில்லை. அவ்வினாக்களை விலக்கி எழுதப்படுவது வரலாறன்று, வாழ்த்துப்பா.

போர்லண்ட் நிறுவனத்தின் கதை இவ்வகையில் ஊன்றி நோக்கற்பாலது. 1983இல் அந்நிறுவனம் டேர்போ பஸ்காலை 49.95 டொலருக்கு விற்பனைக்கு விட்டது. நிரலை எழுதும் இடமும் அதனைப் பொறிமொழிக்கு மாற்றும் தொகுப்பானும் ஒரே கருவியில் இணைந்திருந்தன. அன்று சந்தையிலிருந்த பிற தொகுப்பான்கள் இதனிலும் பன்மடங்கு விலைபெற்றவை. மலிவே போர்லண்டின் படைக்கலமாயிற்று. 1995இல் டெல்ஃபியும், பின்னர் ஜாவா மொழிக்கென ஜேபில்டரும் வெளிவந்தன.

2001 நவம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் எக்லிப்ஸ் என்னும் கருவியை மூலநிரலோடு இலவசமாக வெளியிட்டது. தான் வழங்கியதன் பெறுமதி 4 கோடி டொலர் என அது அறிவித்தது. இது அறக்கொடையன்று. ஐ.பி.எம்.மின் வருவாய் வழங்கி மென்பொருளிலும் சேவைகளிலும் தங்கியிருந்தது. கருவியின் விலை பூச்சியமாவதால் அது இழப்பது சிறிது, கருவி விற்றே வாழ்ந்த போட்டியாளர் இழப்பது பெரிது. 2006 பெப்ரவரியில் போர்லண்ட் தன் கருவிப் பிரிவை விற்கப்போவதாக அறிவித்தது. ஜேபில்டர் 2007 என்னும் பதிப்பு எக்லிப்ஸின் மீதே கட்டப்பட்டது. 2008இல் அப்பிரிவு ஏறத்தாழ 2 கோடி 30 இலட்சம் டொலருக்கு எம்பார்க்கடேரோவுக்குக் கைமாறிற்று. விலையைக் குறைத்து வென்றவனை, விலையையே இல்லாதொழித்தவன் வென்றான். (வீழ்ச்சி முழுவதையும் எக்லிப்ஸின் மேல் ஏற்றுவதும் தகாது. 1998இல் இன்பிறைஸ் எனப் பெயர் மாற்றி, 2001இல் பழைய பெயருக்கே திரும்பிய நிறுவனம் அது.)

இலவசத்தின் முன் விலைக் கருவி அழிந்தே தீரும் என்பதும் விதியன்று. 2001இல் வெளிவந்த இன்ரெல்லிஜே, எக்லிப்ஸின் போட்டிக்கிடையிலும் விலைக்கு விற்கப்பட்டு நிலைத்தது. நிரலின் பொருளையுணர்ந்து அதனைத் திருத்தியமைக்கும் ஆற்றலுக்காகச் செய்நிரலாளர் பணம் கொடுக்கத் தயங்கவில்லை.

எக்லிப்ஸையும் 1987இல் றிச்சட் ஸ்டோல்மன் வெளியிட்ட ஜி.சி.சி. தொகுப்பானையும் ஒரே தட்டில் வைப்போர் உளர். இது பெருந்தவறு. ஜி.சி.சி.யின் உரிமம், அதனை விரித்து வெளியிடுவோர் தம் நிரலையும் திறக்கவேண்டும் என வற்புறுத்துவது. நெக்ஸ்ட் நிறுவனம் தனது ஒப்ஜெக்ரிவ் சி பகுதியை மூடிவைக்க விரும்பியபோதும், ஈற்றில் அதனைத் திறக்க நேர்ந்தது இவ்வுரிமத்தினாலேயாம். இங்கு இலவசம் என்பது விலையைக் குறித்ததன்று, உரிமையைக் குறித்தது. அப்பிள் நிறுவனம் பின்னாளில் எல்.எல்.வி.எம்., கிளாங் ஆகியவற்றை ஆதரித்து வளர்த்தமைக்கு அவற்றின் தளர்ந்த உரிமமும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

இவ்வேறுபாட்டை மறந்தோர் இன்றைய நிலையை விளங்கிக்கொள்ளல் அரிது. 2015இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட வி.எஸ். கோட்டின் மூலநிரல் திறந்தது. ஆயின் நாம் தரவிறக்கும் பொருள் அந்நிறுவனத்தின் தனி உரிமத்துக்கு உட்பட்டது. 2018இல் அது கிற்ஹப்பை 750 கோடி டொலருக்கு வாங்கிற்று. அங்கு பொதுவில் குவிந்திருந்த நிரல்களையும் கொண்டு பயிற்றப்பட்ட கோபைலட், 2022இல் தனியாளுக்கு மாதம் 10 டொலர் என விற்பனைக்கு வந்தது. கருவியை இலவசமாக்கிய கையே, அக்கருவியுள் விலைப்பொருளையும் வைத்தது.

வி.எஸ். கோட்டின் மூலநிரலிலிருந்து வி.எஸ். கோடியம் என்னும் பதிப்பைத் தன்னார்வலர் கட்டி வழங்குகின்றனர். பைதன் மொழிக்கு மைக்ரோசொப்ட் வழங்கும் பைலான்ஸ் என்னும் துணைக்கருவியை அதில் இயக்க உரிமம் இடந்தருவதில்லை.