கறைபட்ட கையேடுகளின் மதிப்பு

1975 சனவரியில் பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்னும் கணினி இடம்பெற்றதை ஒட்டி, அமெரிக்காவில் உதிரிபாகங்களை வாங்கிப் பற்றவைத்து வீட்டிலேயே கணினி கட்டத் தொடங்கிய ஆர்வலர்களுக்கு, உடன்வந்த கையேடும் மின்சுற்று வரைபடமும் கருவியின் ஓர் உறுப்பாகவே விளங்கின. 1976இல் வந்த கிம்-1 கணினிப் பலகையின் கையேடும், பின்னர் ஆப்பிள் 2 கணினியின் தொழில்நுட்பக் கையேடும், மானிட்டர் எனப்பட்ட அடிப்படை இயக்க நிரலை வரி வரியாக அச்சிட்டே தந்தன. பிற்காலத்தில் வணிக இரகசியமாகிவிட்ட ஒன்று அன்று வாங்கியவரின் மேசைமேல் திறந்து கிடந்தது என்பதற்கு இத்தாள்களே சான்று.

இவற்றைச் சேகரிப்போர் இல்லையேல், 1975 மார்ச்சில் மென்லோ பார்க்கில் ஒரு கார் கொட்டகையில் கூடிய ஹோம்ப்ரூ கணினிக் கழகத்தின் செய்திமடல்களும், கையேட்டினுள் செருகி வந்த பிழைதிருத்தச் சீட்டுகளும் பெரும்பாலும் குப்பைக்கே போயிருக்கும். தம் பேசிக் நிரலை விலைகொடாமல் படியெடுத்தோரைக் கண்டித்து 1976இல் பில் கேட்ஸ் எழுதிய திறந்த மடல் அத்தகைய செய்திமடலில் வெளிவந்து, இன்று படிமேல் படியாகவே பரவியிருப்பது சற்று வேடிக்கையானது.

ஆனால் சந்தை தேடுவது உள்ளடக்கத்தை அன்று. ஸ்டீவ் ஜாப்ஸ் 1980இல் கையொப்பமிட்ட ஆப்பிள் 2 கையேடு ஒன்று 2021இல் 7,87,000 டாலருக்கு மேல் ஏலம் போனது. அதன் தொழில்நுட்பச் செய்தி முழுவதும் இலவச மின்படிகளில் கிடைப்பதே. கறையின்மைக்கு விலை கூட்டும் இம்மனப்போக்கு, மின்தடையின் மதிப்பை அடித்துத் திருத்தி, நிரலின் ஓரத்தில் முகவரிகளைக் குறித்துவைத்த பழம்படியைத் தாழ்த்துகிறது. கருவி எங்கே தவறியது, பயன்படுத்தியவர் அதை எவ்வாறு சரிசெய்தார் என்பதை அந்தக் கிறுக்கல்களே சொல்ல வல்லவை என்பதால், இந்த மதிப்பீடு தலைகீழானது.

மின்படியும் மூலத்துக்கு முற்றிலும் ஈடாகிவிடவில்லை. ஒரே சாயலுள்ள எழுத்துகளை ஒன்றெனக் கொண்டு கோப்பின் அளவைச் சுருக்கும் முறையால், சில ஜெராக்ஸ் கருவிகள் 6ஐ 8ஆக மாற்றிப் பதிந்ததை 2013இல் டேவிட் கிரீசல் என்னும் ஜெர்மானியக் கணினியியலாளர் வெளிப்படுத்தினார். உரைநடையில் ஓர் எழுத்து பிறழ்ந்தால் வாசகர் ஊகித்துக்கொள்வார்; பதினாறடிமான எண்களாலான நிரலிலோ ஓர் இலக்கம் மாறினால் கட்டளையே வேறாகிவிடும். ஆதலால், பல படிகள் எஞ்சியுள்ள நூலின் முதுகை அறுத்துப் படியெடுப்பதை ஏற்கலாமேனும், ஒற்றைப் படியாக எஞ்சியதை அவ்வாறு செய்து மூலத்தை வீசிவிடுவதற்கு நியாயமில்லை.